கானாவூர் ஜாடியும் கடலூர் சாலைக் குவார்ட்டரும்

புதுச்சேரியின் அரியாங்குப்பத்தில் ஒரு கிறிஸ்தவரிடம் "குடிக்கலாமா?" என்று கேட்டால், அவர் ஞாயிற்றுக்கிழமை எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்பது பதிலிலேயே தெரிந்துவிடும். மாதா கோயிலுக்குப் போகிற ஆர்.சி. குடும்பத்துப் பெரியவர், அளவோடு குடித்தால் பாவமில்லை, ஆண்டவரே கானாவூர்க் கல்யாணத்தில் தண்ணீரைத் திராட்சை இரசமாக்கிக் கொடுத்திருக்கிறார் என்பார். அடுத்த தெருவில் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிற அம்மா, ஒரு சொட்டு உதட்டில் பட்டாலும் சாட்சி கெட்டுவிடும், கானாவூரில் இருந்தது வெறும் பழச்சாறு என்பார். இருவரும் மனதார நம்பித்தான் சொல்கிறார்கள். இருவருக்கும் வேதத்தில் ஆதாரம் உண்டு. பல வருஷமாக நடக்கும் இந்த வழக்கில் இந்த ஊருக்கு உண்மையில் தேவையான கேள்விகள் கேட்கப்படாமலே போகின்றன: எந்த மது, எத்தனை மில்லி, எந்த வீட்டுக் காசில், யார் பார்க்கக் குடிப்பது?

அந்தக் கேள்விகளுக்குப் போகுமுன் வேதம் என்ன சொல்கிறது என்பதை இரு தரப்புக்கும் நேர்மையாகப் பார்த்துவிடலாம்.

யோவான் நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் வரும் கல்யாண வீட்டில் ஆறு கல்ஜாடிகள் இருந்தன. அங்கே சொல்லப்படும் அளவைக் கணக்கிட்டால் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 500 முதல் 700 லிட்டர் வருகிறது. பல நாள் நீளும் கல்யாணம், ஊரே திரண்டு வரும் விருந்து என்றாலும் அது சின்ன அளவில்லை. 104ஆம் சங்கீதம் மனிதனின் மனதை மகிழ்விக்கும் பானத்தைக் கடவுளின் கொடைகளில் ஒன்றாகச் சொல்கிறது. வயிற்றுக் கோளாறால் அவதிப்பட்ட தீமோத்தேயுவுக்குப் பவுல், வெறும் தண்ணீரே குடிக்காமல் கொஞ்சம் திராட்சை இரசமும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார். இதே வேதத்தில்தான் பெருவெள்ளத்தில் தப்பிய நோவா தன் தோட்டத்து மதுவைக் குடித்து ஆடை விலகிக் கிடக்கிறார். நீதிமொழிகள் 23ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை எந்தக் குடிநோய் மருத்துவரும் தன் நோயாளியின் குறிப்பேடு என்று சொல்லிவிடுவார். சிவந்த கண், காரணம் தெரியாத காயம், கடல் நடுவே படுத்திருப்பது போன்ற தள்ளாட்டம், விழித்ததும் மறுபடி தேடிப் போவது எல்லாம் அங்கே இருக்கின்றன. குடிவெறியர் இறையாட்சியில் பங்கு பெறமாட்டார் என்று பவுல் கொரிந்துச் சபைக்கு எழுதினார்.

பலர் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு செய்தி நற்செய்தியிலேயே இருக்கிறது. திருமுழுக்கு யோவான் பிறப்பதற்கு முன்பே மதுவிலிருந்து விலக்கி வைக்கப்பட்டவர், கடைசிவரை தொடவில்லை. இயேசு விருந்துகளில் உட்கார்ந்து உண்டார், குடித்தார். யோவானைப் பேய் பிடித்தவன் என்றார்கள், இயேசுவைக் குடிகாரன் என்று ஏசினார்கள். இரண்டு ஏச்சையும் இயேசுவே எடுத்துக் காட்டி, இரண்டு வாழ்க்கைகளையும் ஒரே மூச்சில் காப்பாற்றுகிறார். தொடாதவரும் தொட்டவரும் ஒரே பந்தியில் உட்கார வேதத்தில் இடமிருக்கிறது. இதை ஒப்புக்கொள்ளாமல் நடக்கும் சச்சரவில் ஒவ்வொரு சபையும் மற்ற சபைக்காரரின் விசுவாசத்தையே சந்தேகிப்பதுதான் மிச்சம்.

இனி, அது பழச்சாறுதானா என்ற விஷயம். இதற்கு அரியாங்குப்பத்து மண்ணே ஒரு சாட்சி வைத்திருக்கிறது. ஆற்றங்கரையில் காக்காயன்தோப்பை ஒட்டியிருக்கும் அரிக்கமேட்டை 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். பிறகு கசால் தோண்டினார். 1989 முதல் விமலா பெக்லியின் குழு மறுபடி ஆய்வு செய்தது. மூவருக்கும் இரண்டு கைப்பிடியும் கூர்ந்த அடியும் கொண்ட மத்தியதரைக் கடல் ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. சில ஜாடிகளில் ஒலிவ எண்ணெயும் மீன் ஊறலும் வந்திருக்கின்றன. பெரும்பாலானவை திராட்சை மது வந்த ஜாடிகள். கிரேக்கத்துக் கோஸ் தீவின் மது அவற்றில் முக்கியமானது. அவற்றில் ஒரு பகுதி இயேசுவும் பவுலும் வாழ்ந்த அதே நூற்றாண்டைச் சேர்ந்தது. யவனர் கொண்டுவந்த நறுமண மதுவைப் பாண்டியன் நன்மாறன் அருந்தியதை நக்கீரர் பாடிய புறநானூற்றுப் பாடலும் நம்மிடம் உண்டு. மாதக்கணக்கில் கப்பலில் வெயிலில் கிடந்து இந்தக் கரைக்கு வந்து சேர்ந்த திராட்சைச் சாறு புளிக்காமல் இருந்திருக்க முடியாது.

பாலஸ்தீனத்திலும் நிலைமை இதேதான். திராட்சை அறுவடை ஆகஸ்ட், செப்டம்பரில். பாஸ்கா விழா மார்ச், ஏப்ரலில். பழத்தோலிலேயே ஒட்டியிருக்கும் நுண்ணுயிர் பிழிந்த சாற்றை ஓரிரு நாளில் நுரைக்க வைத்துவிடும். சாற்றைக் காய்ச்சிப் பாகாக்கி வைக்கும் முறை அன்றும் இருந்தது உண்மைதான். ஆனால் விருந்திலும் பாஸ்கா மேசையிலும் ஊற்றியது அந்தப் பாகு இல்லை. கொரிந்துச் சபையில் ஆண்டவரின் பந்திக்கு வந்த சிலர் போதையில் இருந்ததைப் பவுல் கடிந்துகொள்கிறாரே, பழச்சாற்றில் யாருக்கு ஏறும் போதை? ஆகவே கானாவூரில் பரிமாறியது மதுதான். பழச்சாறு என்று சொல்லி அடுத்த தலைமுறையைக் காப்பாற்ற நினைப்பவர்களின் அக்கறை புரிகிறது. ஆனால் அந்தப் பிள்ளை வளர்ந்து கல்லூரியில் உண்மையைத் தெரிந்துகொள்ளும் நாளில், குடியைப் பற்றிச் சபை சொன்ன மற்ற எச்சரிக்கைகளையும் சேர்த்து உதறிவிடுவான்.

மறுதரப்பு இதைக் கேட்டு மகிழ்ந்துவிட வேண்டாம். அந்த மது எப்படிப்பட்டது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அக்காலத்து யூதரும் கிரேக்கரும் மதுவை அப்படியே குடிப்பதை நாகரிகமாக நினைக்கவில்லை. ஒரு பங்குக்கு இரண்டு மூன்று பங்கு தண்ணீர் கலந்தார்கள். கலந்த பிறகு அதன் வீரியம் மூன்று நான்கு சதவீதம் அளவில்தான் இருந்திருக்கும். இன்றைய தென்னங்கள்ளின் வீரியம்கூட அதைவிட ஒரு படி அதிகம். கத்தோலிக்கப் பூசையில் குரு கிண்ணத்தில் சில துளி தண்ணீர் விடுகிறாரே, அந்தப் பழைய வழக்கம்தான் பின்னால் ஆழமான பொருள் ஏறித் தொடர்ந்து வந்திருக்கிறது. காய்ச்சி வடிக்கும் மது ஐரோப்பாவில் 12ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் தலைகாட்டுகிறது. பிராந்தி, விஸ்கி, ரம், சாராயம் எதுவும் வேதம் எழுதியவர்களின் கண்ணில் பட்டதில்லை. கானாவூர் ஜாடியைக் காட்டிப் பிராந்திக்கு அனுமதி வாங்குகிறவர், வேதத்தில் இல்லாத ஒரு பொருளுக்கு வேதத்தில் சான்று தேடுகிறார்.

முழு விலக்கு என்ற கொள்கை புராட்டஸ்டண்ட் சபைகளில் எப்படி வேரூன்றியது என்று பார்த்தால் இந்த வித்தியாசம் இன்னும் துலங்கும். மார்ட்டின் லூதர் பீர் குடித்தார். அவர் மனைவி கத்தரீனா அதை வீட்டிலேயே காய்ச்சினார். 18ஆம் நூற்றாண்டு லண்டனில் மலிவான ஜின் ஏழைக் குடும்பங்களை வாரிக்கொண்டு போனது. அதைக் கண்ட ஜான் வெஸ்லி, 1743இல் மெதடிஸ்ட் குழுக்களுக்கு எழுதிய விதிகளில் வடித்த மதுவை வாங்கவோ விற்கவோ குடிக்கவோ கூடாது என்றார். திராட்சை மதுவுக்கு அன்று அவர் தடை போடவில்லை. அடுத்த நூற்றாண்டில் ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளைக் குடி சீரழித்தபோது, அளவு பேசிப் பயனில்லை என்று கண்டவர்கள் முழு விலக்குக்கு வந்தார்கள். 1869இல் அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல்மருத்துவர், திராட்சைச் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் பாட்டிலில் அடைக்கும் வழியைத் திருவிருந்துக்காகவே கண்டுபிடித்தார். இன்று பல சி.எஸ்.ஐ. ஆலயங்களில் திருவிருந்துக் கிண்ணத்தில் இருக்கும் இனிப்பான சாறு அந்த வழியில் வந்தது. 1882இல் இந்தியாவுக்கு வந்த இரட்சணிய சேனை தன் வீரர்களிடம் குடிப்பதில்லை என்ற உறுதிமொழியையே வாங்கியது.

இவர்கள் கொண்டுவந்த கொள்கை தமிழ் மண்ணில் சட்டென்று பற்றிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஒரு அதிகாரமே ஒதுக்கிய ஊர் இது. தெற்கே பனையேறிக் குடும்பங்கள் கிறிஸ்தவத்துக்கு வந்தபோது, பானையில் சுண்ணாம்பு தடவிப் பதநீராக இறக்குவதா, தடவாமல் கள்ளாக இறக்குவதா என்பது விசுவாசத்தின் கேள்வியாகவும் மானத்தின் கேள்வியாகவும் ஆனது. ஒதுக்கி வைக்கப்பட்ட சாதிகளுக்குக் குடியைத் துறப்பது தலைநிமிர்வின் முதல் படியாக இருந்தது. பெந்தெகொஸ்தே அம்மா இன்று "ஒரு சொட்டும் கூடாது" என்னும்போது அதில் வெளிநாட்டுக் கொள்கை மட்டும் பேசவில்லை. அப்பன் குடியில் அழிந்த வீட்டில் வளர்ந்த பெண்ணின் அனுபவமும் பேசுகிறது. வேத விளக்கத்தில் அவர் தவறியிருக்கலாம். வாழ்க்கையைப் படித்ததில் தவறவில்லை.

புதுச்சேரி கத்தோலிக்கருக்கு வேறு வரலாறு. பாரிஸ் அயல்நாட்டு மறைப்பணிச் சபைக் குருக்கள் வளர்த்த திருச்சபை இது. அச்சபை 18ஆம் நூற்றாண்டில் நடத்திய குருமடத்தின் செங்கல் இடிபாடுகள் அரிக்கமேட்டிலேயே நிற்கின்றன. சாப்பாட்டோடு ஒரு கிண்ணம் திராட்சை மது என்பது பிரெஞ்சு வீட்டுப் பழக்கம், அதில் பாவ உணர்ச்சிக்கு இடமில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையை 1832இல் கொண்டுவந்தவரும் ஒரு பிரெஞ்சுக் குருதான் என்று அந்தப் பழத்துக்குப் புவிசார் குறியீடு பெற்ற வரலாறு சொல்கிறது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் பீங்கான் ஜாடியில் பன்னீர் திராட்சையும் சர்க்கரையும் போட்டுத் துணிகட்டி வைத்து, கேக்கோடு சின்னக் கிளாஸில் கொடுக்கும் வீடுகள் இங்கே இன்னும் இருக்கின்றன. அந்தச் சின்னக் கிளாஸில் எனக்கு ஒரு தவறும் தெரியவில்லை.

ஆனால் கத்தோலிக்கம் என்றாலே குடிக்கத் தடையில்லை என்று புரிந்துகொள்வது அரைகுறை அறிவு. அயர்லாந்தில் 1838 முதல் லட்சக்கணக்கானோரைக் குடியைவிட்டுச் சத்தியம் செய்யவைத்த மத்தேயு அடிகள் கப்புச்சின் துறவி. 1898இல் டப்ளினில் முழு விலக்குச் சங்கம் தொடங்கிய கல்லன் ஓர் இயேசு சபைக் குரு. 1992இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூல், உணவு, மது, புகையிலை, மருந்து எதிலும் மிதமீறலை மட்டுப்பாடு என்ற நற்பண்புக்கு எதிரானதாக வைக்கிறது. குடித்துவிட்டு வண்டியோட்டிப் பிறர் உயிரை ஆபத்தில் தள்ளுவதைப் பெரும் குற்றம் என்று அதே இடத்தில் சொல்கிறது.

இதைவிட முக்கியமான ஒன்று பூசைக் கிண்ணத்திலேயே நடந்திருக்கிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 924ஆம் விதிப்படி பூசைக்குரிய இரசம் கொடிமுந்திரியிலிருந்து இயற்கையாக வந்ததாக, கெட்டுப்போகாததாக இருக்க வேண்டும். அதாவது மதுவாகத்தான் இருக்க வேண்டும். அந்த விதியை வைத்திருக்கும் அதே திருச்சபையில், 2003இல் கர்தினால் ராட்சிங்கர், பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், கையெழுத்திட்ட கடிதம் ஒன்று ஆயர்களுக்குப் போனது. குடிநோயால் பாதிக்கப்பட்ட குருவுக்கு, புளிக்கத் தொடங்கிய உடனே உறையவைத்து நிறுத்திய, போதை ஏறக்குறைய இல்லாத சாற்றைப் பூசையில் பயன்படுத்த ஆயர் அனுமதி தரலாம் என்றது அது. ஒரு மிடறு இரசம் எல்லோருக்கும் ஒரு மிடறு அல்ல என்பதைப் பலிபீடத்திலேயே ஒத்துக்கொண்டார்கள். "அளவோடு" என்ற சொல்லுக்குச் சில மனிதர்களின் உடலில் பொருளே இல்லை, அவர்களுக்கு அளவு பூஜ்யம் என்று ரோமாபுரியே எழுதிக் கொடுத்த பிறகு, நம் ஊர்ப் பந்தியில் ஒருவரை "ஒரு பெக்தானே, ஆண்டவர் மன்னிப்பார்" என்று வற்புறுத்துவது எந்த வகையில் கிறிஸ்தவம்?

இனி அளவுக்கு வருவோம். அளவோடு என்று சொல்பவர்கள் யாரும் எண்ணைச் சொல்வதில்லை. சொல்லிப் பார்க்கலாம்.

மருத்துவத்தில் 10 கிராம் ஆல்கஹாலை ஓர் அலகு என்று எண்ணுவது வழக்கம். 12 சதவீதத் திராட்சை மது 100 மில்லியில் ஏறக்குறைய ஓர் அலகு இருக்கும். கிறிஸ்துமஸ் கிளாஸ் அதற்கும் குறைவு. பூசையில் குரு அருந்தும் மிடறு கால் அலகுகூட வராது. ஒரு குவார்ட்டர் பிராந்தி 180 மில்லி, வீரியம் 42.8 சதவீதம். அதில் இருப்பது சுமார் 61 கிராம், அதாவது ஆறு அலகு. ஸ்ட்ராங் பீர் ஒரு முழு பாட்டில் நான்கு அலகு. "நான் அளவாக ஒரு குவார்ட்டர்தான்" என்று சொல்பவர் ஆறு கிளாஸ் திராட்சை மதுவை ஒரே இருப்பில் முடித்திருக்கிறார். பெரும்பாலும் அரைமணி நேரத்தில், வெறும் வயிற்றில், ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு.

ஆரோக்கியமான ஈரல் மணிக்கு ஓர் அலகுக்கும் குறைவாகவே கரைக்கும். இரவு ஒன்பதுக்குக் குடித்த குவார்ட்டர் விடியற்காலை வரை உடம்பில் ஓடிக்கொண்டிருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் வரம்பு 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு குவார்ட்டரை வேகமாக முடித்துவிட்டுக் கடலூர் சாலையில் வண்டியை எடுத்தால், அவர் இரத்தத்தில் அந்த வரம்பைப் போல நான்கைந்து மடங்கு இருக்கும். எதிரே டியூஷன் முடிந்து சைக்கிளில் வரும் பிள்ளைக்கு, அவர் வெஸ்லியின் சீடரா, வெள்ளிக்கிழமை ஜெபமாலைக்குத் தவறாதவரா என்பதில் எந்த வித்தியாசமும் இல்லை.

அந்த ஆறு கிளாஸையும் விட்டுவிடுவோம். ஒரு கிளாஸ் உடம்புக்கு நல்லதல்லவா என்று கேட்பவர்களுக்கும் பதில் மாறிவிட்டது. மதுவை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இலேயே சேர்த்தது. எந்த அளவும் உடல்நலத்துக்கு முற்றிலும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. தீமோத்தேயுவின் வயிற்றைச் சாட்சிக்கு அழைப்பவர்கள், இன்று வயிற்றுக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன என்பதை நினைக்க வேண்டும். பவுல் அன்று ஒரு நோயாளிக்குக் கைக்கு எட்டிய மருந்தைச் சொன்னார். அதை எல்லா உடம்புக்கும் பொது அனுமதியாக விரிப்பது அவர் எழுதாததை எழுதிச் சேர்ப்பது.

இடத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1948க்குள் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தபோது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறிய பிறகும் குடிக் கொள்கை மாறவில்லை. தமிழ்நாட்டில் 1987 முதல் தடைசெய்யப்பட்ட கள் இங்கே சட்டப்படி விற்கிறது. சாராயக்கடைகளும் கள்ளுக்கடைகளும் ஏலத்தில் போகின்றன. பாட்டில் விலை எல்லைக்கு அப்பால் இருப்பதைவிடக் குறைவு. அரியாங்குப்பம் அந்த எல்லைக்குப் போகும் சாலையில் இருக்கிறது. முள்ளோடை வரை வந்து குடித்துவிட்டுத் திரும்புகிறவர்கள், ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டுகிறவர்கள் என்று இந்தச் சாலைக்கே குடியோடு ஒரு பிணைப்பு ஏற்பட்டுவிட்டது. 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்திலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துக் கொத்துக்கொத்தாக மாண்டவர்கள் இதே வட்டாரத்து உழைப்பாளிகள். மெத்தனாலுக்கு முன்னால் அளவு பேச்சே எடுபடாது. பத்து மில்லி கண்ணைப் பறித்துவிடும்.

இப்படிப்பட்ட இடத்தில் பவுல் ரோமாபுரிச் சபைக்கு எழுதிய கடிதத்தின் 14ஆம் அதிகாரம்தான் எனக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றுகிறது. அங்கே ஒரு தரப்பு இறைச்சியும் மதுவும் ஆகும் என்றது, மறுதரப்பு ஆகாது என்றது. பவுல் இரு தரப்பையும் ஒன்றையொன்று தீர்ப்பிடாதீர்கள் என்று முதலில் தடுக்கிறார். பிறகு, உரிமை உள்ளவரைப் பார்த்துத்தான் கேட்கிறார்: உன் கிண்ணம் உன் சகோதரனை விழவைக்குமானால் அதை ஏன் எடுக்கிறாய்? குடிப்பது பாவமா என்ற கேள்வியை அவர் அப்படியே தூக்கிப் பக்கத்து ஆளின் இலையில் வைத்துவிடுகிறார். அளவை நிர்ணயிக்கும் உரிமை குடிப்பவர் கையில் மட்டும் இல்லை.

அந்தப் பக்கத்து ஆள் யார் என்று தேட வேண்டியதில்லை. 2019இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வின்படி இந்தியாவில் குடிப்பவர்கள் சுமார் 16 கோடிப் பேர், அவர்களில் 5.7 கோடிப் பேர் குடியால் சீரழிந்து உதவி தேவைப்படும் நிலையில் இருக்கிறார்கள். மூன்றில் ஒருவருக்கும் மேல். புதுநன்மை விருந்தின் கொல்லைப்புறத்தில் ஆறு பேர் கூடிக் கிளாஸ் எடுத்தால், அதில் இருவருக்கு அது கொண்டாட்டமாக இருக்காது. ஒருவர் மூன்று மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தி வைத்திருப்பவராக இருக்கலாம். எட்டு வயதுப் பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கிய நாளில் அவனுடைய மாமாவும் சித்தப்பாவும் வேலியோரம் கிடப்பதைப் பார்ப்பது எந்த மறைக்கல்வியையும் அழித்துவிடும். ஞானஸ்நானம், புதுநன்மை, கல்யாணம், கருமாதி ஆகிய வீட்டு விசேஷங்களில் மது பரிமாறுவதில்லை என்று குடும்பங்கள் முடிவெடுத்தால் போதும், யாருடைய வேத விளக்கத்தையும் மாற்ற வேண்டியதில்லை. ஆர்.சி. பெரியவர் தன் கானாவூரை வைத்துக்கொண்டே இதைச் செய்யலாம்.

இன்னொன்றை அவசரமாகவே சொல்ல வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் இந்தச் சாலை வழியேதான் போகிறார்கள். அவர்களில் குடியை விடுவதாக மாதாவுக்கு நேர்ந்துகொண்டு மாலை போட்டவர்கள் இருக்கிறார்கள். உபவாச ஜெபத்தில் பாஸ்டர் கைவைத்து ஜெபித்த அன்றே நிறுத்தியவர்களும் இருக்கிறார்கள். அந்த நேர்ச்சையும் ஜெபமும் மதிக்கத்தக்கவை. அவற்றால் மீண்ட குடும்பங்கள் நம் நடுவில் உண்டு. ஆனால் வருஷக்கணக்காகத் தினமும் அதிகமாகக் குடித்த உடம்பு ஒரே நாளில் நிறுத்தப்பட்டால் என்ன ஆகும் என்பதை எந்தப் பீடத்திலிருந்தும் சொல்லக் கேட்டதில்லை. முதல் நாளில் கைநடுக்கம், வியர்வை, வாந்தி. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி பேதலித்து, இல்லாத ஆட்கள் தெரிவார்கள், பூச்சி ஊர்வதாகத் துடைப்பார்கள். வீட்டார் அதைச் சாத்தானின் சோதனை என்று நினைத்து இன்னும் உரக்க ஜெபிப்பார்கள். அது மருத்துவ அவசரம். கவனிக்காவிட்டால் உயிர் போகும். நடைப்பயணத்தின் நடுவே வெயிலில் வந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே நேர்ந்துகொள்பவர் மாலை போடுவதற்கு முன் ஒரு மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். அரியாங்குப்பத்திலிருந்து கோரிமேட்டு ஜிப்மர் ஒரு பேருந்துப் பயணம்தான். அங்கே மனநலத் துறையில் குடிநோய்க்குச் சிகிச்சை உண்டு. சில நாள் மருந்தும் பி1 உயிர்ச்சத்தும் கொடுத்து இந்தக் கண்டத்தைத் தாண்டவைப்பது இன்று கடினமான வைத்தியம் இல்லை. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதாவது சிகிச்சை கிடைத்திருக்கிறது என்று அதே 2019 ஆய்வு சொல்கிறது. 37 பேரைச் சிகிச்சைக்கு வெளியே நிறுத்தியிருப்பதில் வெட்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. குடியைப் பாவமாக மட்டும் பேசும் பிரசங்கம் அந்த வெட்கத்தைக் கூட்டுகிறது. குடியைச் சிரிப்பாகப் பேசும் விருந்துப் பேச்சு நோயையே மறைக்கிறது.

பங்குச் சாமியாரும் பாஸ்டரும் இந்த விஷயத்தில் ஒரே மேடையில் ஏற வேண்டுமென்று கேட்கவில்லை. அவரவர் பீடத்திலிருந்தே செய்யக்கூடியவை இருக்கின்றன. குடியை விட்டவர்கள் வாரம் ஒருமுறை கூடிப் பேசும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) குழுக்கள் 1957 முதல் இந்தியாவில் இருக்கின்றன. பல ஊர்களில் கோயில் கூடங்களிலேயே கூடுகின்றன; அறிவிப்புப் பலகையில் அந்த இடமும் நேரமும் இருந்தால் யாரையும் கேட்காமலே ஒருவர் போக முடியும். அன்பியக் கூட்டத்தில் குடிப்பவரின் மனைவி பேச ஆரம்பித்தால் "பொறுத்துப்போம்மா" என்று வாயை மூடாமல் முழுவதும் கேட்கலாம். அடியும் உதையும் வாங்கிக்கொண்டு பொறுத்திருக்கும்படி எந்த நற்செய்தியும் அவளிடம் கேட்கவில்லை.

திருவிருந்து மேசையிலும் ஒரு வேலை இருக்கிறது. கத்தோலிக்கக் கோயிலில் மக்களுக்குப் பெரும்பாலும் அப்பம் மட்டுமே தரப்படுகிறது. இரசமும் தரும் நாளில், குடியை விட்டவர் அப்பத்தை மட்டும் வாங்கினாலும் அது முழு நற்கருணைதான் என்பது திருச்சபையின் பழைய போதனை. இதைப் புதுநன்மை வகுப்பில் சொல்வதுபோல் பெரியவர்களுக்கும் சொல்லிவைத்தால், அவர் கிண்ணத்தைத் தாண்டிப் போகும்போது யாரும் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். லுத்தரன் மரபு போல் திராட்சை மதுவையே பயன்படுத்தும் சபைகளில், புளிக்காத சாறு ஊற்றிய தனிக் கிண்ணங்கள் சிலவற்றை அதே தட்டில் சேர்த்து வைத்துவிடலாம். யார் எடுக்கிறார்கள் என்று போதகர் கேட்க வேண்டியதும் இல்லை, எடுப்பவர் காரணம் சொல்ல வேண்டியதும் இல்லை.